பத்துக் கம்பிகளும் கோயில் கோபுரமும்

1

மீன் ஆலையில் எனக்கு முள் தேடுகிற வேலை. தோலுரித்து வெட்டிய கொட் மீன் துண்டுகள் ஓடும் பட்டியில் வரிசையாக வரும். இயந்திரம் தவறவிட்ட முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இருந்தால் இடுக்கியால் பிடுங்கிவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத முள் விரலுக்குத் தெரியும். நோர்வேயின் வடக்கு மூலையில், வருடத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஒரு சின்னத் துறைமுக ஊரில், பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். உனக்கு விரலில் கண் என்று மேற்பார்வையாளர் அடிக்கடி சொல்வார். அந்த விரல்கள் எங்கே படித்தவை என்று அவருக்குத் தெரியாது. சொல்ல எனக்கு அவருடைய மொழி போதாது. போதுமென்றாலும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த ஆனி மாதக் கடைசியில், தேநீர் இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு போனைப் பார்த்தால் நசீமாவின் குரல் செய்தி கிடந்தது. நசீமா இலங்கையில், மன்னார் உப்புக்குளத்தில் இருப்பவள். என் வயதுக்காரி. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கிறிஸ்மசுக்கு அவள் ஒரு வாழ்த்து, பெருநாளுக்கு நான் ஒரு வாழ்த்து. இவ்வளவோடு எங்கள் பழக்கம் நின்று பல வருடம்.

"யூட், அந்தக் கொப்பி இன்னும் உம்மட்ட இருக்கா? எறிஞ்சிட்டன் எண்டு மட்டும் சொல்லிடாதேயும்."

எறியவில்லை. அந்தப் பழைய குறிப்பேடு வீட்டு மேல்தட்டில், மகளின் பழைய பனிச்சறுக்குச் சப்பாத்துகளுக்குக் கீழே, பொலித்தீன் பையில் சுற்றியபடி கிடந்தது.

விசயம் இதுதான். எங்கள் ஊர் வங்காலையின் கரைக்கு முன்னால் கடலடியைத் தோண்டி ஆழமாக்கி இறங்குதுறை கட்ட ஒரு கொம்பனி வருகிறது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அரசாங்கக் கந்தோர் வாசலில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். நசீமாவும் மீனவர் சங்கத்து ஆட்களும் சேர்ந்து ஆட்சேபம் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் கடற்புல் வெளி இருக்கிறது என்று காட்டினால் தோண்ட அனுமதி கிடைக்காது. நண்டும் இறாலும் ஓரா மீனும் குஞ்சு பொரித்து வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். ஆனால் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? முறையாக அளந்து எழுதிய பதிவு வேண்டுமாம். அந்தக் கரைக்கு அப்படி ஒரேயொரு பதிவுதான் உண்டு. அதை எழுதியது நாங்கள்.

என் தம்பி டெனிஸ் இன்றைக்கும் அந்தக் கடலில் நண்டு வலை போட்டுத்தான் மூன்று பிள்ளைகளை வளர்க்கிறான். அதனால் இது எனக்கு வெறும் படிப்புச் சமாச்சாரம் இல்லை.

2

நாங்கள் எட்டுப் பேர். சமாதான காலம் என்று எல்லோரும் நம்பிய அந்தச் சில வருடங்களில், கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கடலைப் படிப்பிக்க ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி நடத்தியது. நான் வங்காலை மீன்பிடிக் குடும்பத்துப் பையன். நசீமா, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது போய், புத்தளத்து அகதி முகாமில் வளர்ந்து, அப்போதுதான் பெற்றோரோடு உப்புக்குளத்துக்குத் திரும்பி வந்தவள். குழந்தையாக விட்டுப் போன தன்னுடைய ஊரை இருபது வயதில்தான் விவரம் தெரிந்து பார்க்கிறவள். எனக்கு எல்லாம் தெரியும் என்ற மிதப்பு எனக்கு. ஒன்றும் தெரியாது என்ற வெறி அவளுக்கு.

புத்தகம் கிடையாது, வகுப்பறை கிடையாது. முதல் மாதம் முழங்கால் தண்ணீர், பிறகு நெஞ்சளவு, பிறகு ஆள் மூழ்கும் ஒரு பாகம் ஆழம். பைப் துண்டுகளைப் பொருத்திச் செய்த ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைப்போம். சட்டத்துக்குள் நூற்றுக்கு எத்தனை வீதம் புல், என்ன புல், எத்தனை நண்டுக் குஞ்சு, எத்தனை கடலட்டை என்று பார்த்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவோம். பின்னேரம் அதை சி.ஆர். கொப்பியில் நல்லெழுத்தில் படி எடுக்க வேண்டும். என் கையெழுத்து வடிவு என்று கொப்பியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கடல் கலங்கிவிடும். முகமூடிக் கண்ணாடி போட்டாலும் மூக்குக்கு முன்னால் இருக்கிற கை தெரியாது. அப்போதுதான் கையால் படித்தோம். கரையில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருப்போம். ஒருவர் கையில் மற்றவர் புல்லை வைப்பார், தடவிப் பெயர் சொல்ல வேண்டும். நாடா போல அகன்று நுனியில் அரம் வைத்ததுபோலச் சுரண்டினால் ஒன்று. உருண்டையாக இருந்து ஒடித்தால் முறிகிறது என்றால் இன்னொன்று. முருங்கை இலை அளவில் சோடி சோடியாக இருந்தால் வேறொன்று. அடியில் தும்பு சுற்றியிருப்பது மற்றொன்று. எங்கள் ஊர் ஆட்கள் இவ்வளவையும் சாதாளை என்று ஒரே பெயரில் சொல்லி, வலையில் சிக்கினால் திட்டி எறிவார்கள். நானும் அப்படி எறிந்து வளர்ந்தவன்தான். மூன்றாம் மாதம் வலையில் வந்ததைப் பிரித்துப் பார்க்காமல் எறிய எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

முதல் கிழமையே நசீமா ஒரு பிழை விட்டாள். பலகையில் மூன்று கட்டங்களை வெறுமையாக விட்டிருந்தாள். பின்னேரம் படி எடுக்கும்போது கேட்டேன், அங்கே புல் இல்லையா, இல்லாவிட்டால் நீர் பார்க்கவே இல்லையா என்று. அவளுக்கு ஞாபகமில்லை. அந்த மூன்று கட்டத்துக்காக மறுநாள் மறுபடி வள்ளம் எடுத்து, மறுபடி இறங்க வேண்டி வந்தது. ஏறி வந்து ஈரத்தோடு உட்கார்ந்து, "இனி ஆரும் வெறுமையா விடக்கூடாது, அது பொய் சொல்லுறதுதான்" என்றாள். எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டோம். கொப்பியின் முதல் பக்கத்தில் நான் பெரிய எழுத்தில் எழுதினேன்: பார்த்து, இல்லையென்றால் சைபர் போடவும். வெறுமையாக விடுவது பொய்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அவள் பிழை ஒரு நாளில் சரியாகிவிட்டது, என்னுடையது இருபது வருடம் காத்திருந்தது.

கடலடியில் பத்து இடங்களில் இரும்புக் கம்பி அடித்து, நீல நைலோன் கயிறு கட்டி வைத்திருந்தோம். மாதாமாதம் அதே பத்து இடத்தைப் பார்க்க வேண்டும். ஜிபிஎஸ் கருவிக்கு ஆமி அனுமதிக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வலை போட்ட இடத்தை எங்கள் ஆட்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்களோ அப்படியே செய்தேன். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றுக்கு நேர் பின்னால் ஒன்று வந்தால் ஒரு கோடு. வேறு இரண்டு அப்படி வந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போட்டால் சரி. கொப்பியில் முதல் கம்பிக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: கோயில் கோபுரத்துக் குருசு தண்ணீர்த் தாங்கிக்கு நேர், சவக்காலைக் குருசு பெருக்கமரத்துக்கு நேர். முதல் கம்பி கிடைத்தால் மற்ற ஒன்பதும் அளந்த கயிற்றில் வரிசையாகக் கிடைக்கும்.

கடைசி மாதம் கருவிக்கு அனுமதி கிடைத்தது. ஒருநாள் போய் பத்து இடத்துக்கும் எண்களை எடுத்து வருவோம் என்று நசீமா இரண்டு தரம் கேட்டாள். நான் சிரித்தேன்.

"கோயில் கோபுரம் எங்க போகப்போகுது?"

அடுத்த மாதம் சண்டை திரும்பித் தொடங்கியது. பயிற்சி நின்றது. சான்றிதழ் பிறகு வரும் என்றார்கள். நான் கொப்பியோடு நாட்டை விட்டு வந்தேன்.

3

இங்கே வந்த புதிதில் வேலை தேடுகிற கந்தோரில் ஒரு படிவம் தந்தார்கள். என்ன படித்தாய் என்ற இடத்தில், கள உயிரியல் என்று அகராதியைப் பார்த்து எழுதினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்லவர்தான். சான்றிதழ் கேட்டார். இல்லை. சரி, என்ன செய்தாய் என்று சொல் என்றார். கடற்புல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்குள் இருக்கிற புல்லை அளந்தேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு எதையோ தட்டினார். இரண்டு கிழமையில் சவக்காலையில், கல்லறைகளுக்கு நடுவே, புல்லு வெட்டும் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். அந்தக் கோடை முழுக்கப் புல்லு வெட்டினேன். பிறகு மீன் ஆலை கூப்பிட்டது.

இப்போது, இவ்வளவு காலத்துக்குப் பிறகு, அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கந்தோருக்குப் போனேன். ஆட்சேபத்தோடு வைக்க, ஒவ்வொரு பக்கத்தின் படியும் அசலுக்குச் சரி என்று முத்திரை வேண்டுமாம். அங்கிருந்த அலுவலர் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். நான் மெதுவாக வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தேன். விளங்காத மொழிக்கு எப்படி முத்திரை குத்துவது என்று உள்ளே போய் இரண்டு பேரிடம் கேட்டு வந்தார். கடைசியில் குத்தினார். படி அசலை ஒத்திருக்கிறது, உள்ளடக்கம் விளங்கவில்லை என்று கீழே ஒரு வரியும் எழுதிவிட்டார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த மிக நேர்மையான கடிதம் அதுதான்.

ஊர்க் கந்தோரில் அதை வாங்கவில்லை. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வேண்டுமாம். தமிழும் அரச மொழி என்று நசீமா சட்டம் பேசியிருக்கிறாள். சட்டம் சரி மிஸ், இதைப் படிக்கிற ஐயாவுக்குத் தமிழ் தெரியாதே என்று பதில் வந்திருக்கிறது. அதோடு, சதுரச் சட்டங்கள் வைத்த இடங்களுக்கு ஜிபிஎஸ் எண்கள் இல்லாமல் விண்ணப்பத்தைப் பதியவும் முடியாது என்றார்கள். கோயில் கோபுரமும் பெருக்கமரமும் அவர்களின் கணினிக்குள் போகாது.

மொழிபெயர்க்க மகளைக் கேட்டேன். மரியாவுக்குப் பதினேழு வயது. தெற்கே ஒரு நகரத்தில் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. நான் தமிழில் வாசிக்க வாசிக்க அவள் ஆங்கிலத்தில் தட்டினாள். இரண்டாம் பக்கத்தில் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இதெல்லாம் நீங்களா செய்தீர்கள் என்று நோர்வே மொழியில் கேட்டாள். ஓம் என்றேன். பிறகு ஏன் மீன் ஆலையில் இருக்கிறீர்கள் என்றாள். அவள் கேட்டதில் குத்தல் ஒன்றுமில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அவளுக்கு நான் ஒருநாளும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று பக்கம் முடிந்ததும் சிநேகிதர்களோடு மலைக்குப் போக வேண்டும் என்று எழும்பிவிட்டாள். மிச்சம் நாற்பது பக்கத்தையும் கணினி மொழிபெயர்ப்பில் போட்டு, பிழை திருத்தி, நானே செய்து முடித்தேன்.

4

பன்னிரண்டு நாள் மிச்சம் இருக்கும்போது கம்பியைத் தேடக் கடலுக்குப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெனிஸின் வள்ளம். டெனிஸ் இயந்திரத்தடியில், நசீமா முன்னால் மிதவை அங்கி போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தபடி. நான் இங்கே அடுப்புக்குப் பக்கத்துக் குசினி மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, திரையில் ஆடுகிற கரையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தெற்கால, இன்னும் கொஞ்சம் வெளியால என்று சொல்லிக்கொண்டிருந்தேன். படம் நிமிடத்துக்கு ஒருதரம் உறைந்துவிடும். ஆனாலும் குருசு தாங்கிக்கு நேரே வந்ததைக் கண்டேன். போடு நங்கூரத்தை என்று கத்தினேன். என் மனைவி குளியலறையில் இருந்து ஓடி வந்தாள்.

கச்சான் தொடங்கிவிட்டதால் தண்ணீர் கலங்கல். டெனிஸ் பதினொரு தரம் முங்கினான். கம்பி இல்லை. புல்லும் இல்லை, கைக்கு வெறும் மண்தான் பட்டது.

"விடுங்கோ அண்ணா. இவ்வளவு காலம் கம்பி கிடக்குமே. உப்புத் தண்ணி திண்டிருக்கும்."

விடு என்று அவன் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சோம்பல்படுகிறான் என்று நினைத்தேன். நசீமா தளரவில்லை. கரை முழுக்கச் சாதாளை ஒதுங்கித்தானே கிடக்குது, எங்கேயோ பக்கத்தில்தான் இருக்கும் என்றாள். கரையில் ஒதுங்குவதை வைத்துக் கடலடியைச் சொல்லக்கூடாது என்பதும் நாங்கள் படித்ததுதான். இரண்டு பேரும் அதை மறந்தோமோ, மறந்ததாக நடித்தோமோ தெரியாது.

அந்தக் கிழமை முழுக்க முள்ளைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

5

ஊர்க் கோயில் திருவிழாவை இப்போது நேரலையில் காட்டுகிறார்கள். ஆலையின் சாப்பாட்டு அறையில், பாண் ரொட்டியைக் கடித்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதுக் கோபுரம் கட்டி எட்டு வருடம் ஆகிறது. இங்கேயும் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற ஊர்ச் சனம் எல்லோரும் சேர்ந்து கட்டியது. வாசலில் இருக்கிற மாபிள் கல்லில் என் பெயர் பதினேழாவது. பழையதை உடைத்த இடத்திலேயே புதியதை எழுப்பினார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். யாரையும் கேட்கவும் இல்லை.

கமரா மேலே எழும்பிக் கோயில் வளவைச் சுற்றிக் காட்டியது. பக்கத்தில் கல்லடுக்கிக் கட்டிய ஒரு கெபி, உள்ளே மாதா சுரூபம். பழைய மணிக்கோபுரம் நின்ற இடத்தில் எழுப்பப்பட்ட கெபி என்று அறிவிப்பாளர் சொன்னார்.

கடித்த பாணைக் கீழே வைத்தேன். கெபி ஒரு மூலையில், புதுக் கோபுரம் வளவின் மற்றப் பக்கத்தில். கரையில் நாற்பது அடி தள்ளினால் கடலில் கோடு எங்கேயோ போய்விடும். நாங்கள் பிழையான கடலில் அல்லவா தேடியிருக்கிறோம். ஜிபிஎஸ் வேண்டாம், கோபுரம் எங்கே போகப்போகிறது என்று சிரித்தவன் நான். அதைத் தள்ளி வைக்கக் காசு அனுப்பியவனும் நான்.

ஆனால் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோசம்தான். பிழையான இடம் என்றால் அந்த மண்ணும் பிழையான மண். சரியான இடத்தில் புல் இருக்கும். நசீமாவுக்கு உடனே எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இருபது வயதில் சிரித்தது.

6

நான்கு நாள் மிச்சம். காற்றுக் கொஞ்சம் அடங்கிய ஒரு காலையில், கோயில் சுவாமியாரிடம் கேட்டு, இரண்டு மூங்கிலை ஒன்றாகக் கட்டி, நுனியில் வெள்ளை வேட்டி முடிந்து, கெபிக்குப் பின்னால் நட்டார்கள். பழைய கோபுரத்துக்குப் பதில் அந்த வேட்டி. அதைத் தாங்கிக்கு நேரே பிடிக்க வேண்டும். எனக்கு வேலை நாள். போனை மீன் பட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோக முடியாது. இடைவேளை மணி அடிக்கும்வரை எத்தனை மீனைத் தடவினேன் என்று எனக்கே தெரியாது.

டெனிஸின் குரல் செய்தி முதலில் கிடந்தது.

"அண்ணா, கம்பி கிடைச்சிட்டுது. கயிறும் கிடக்கு, சிப்பி பிடிச்சுப் போய். உங்கட முடிச்சுத்தான்."

சாப்பாட்டு அறையில் எழும்பி நின்று, பக்கத்தில் இருந்த போலந்துக்காரனைக் கட்டிப்பிடித்துவிட்டேன். கண்டுபிடித்தோம், கண்டுபிடித்தோம் என்று எனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் சொன்னேன். எதை என்று கேட்டான். புல்லை என்றேன். அவன் என் முதுகில் தட்டினான்.

இரண்டாவது நசீமாவின் செய்தி. அரை நிமிடத்தில் பாதி காற்றுச் சத்தம். வேலை முடிய எடுங்கோ என்பது மட்டும் கேட்டது. எப்போதும் நீர் என்று பேசுகிறவள், எடும் என்று சொல்லாமல் எடுங்கோ என்றாள். மரணச் செய்தி சொல்லும்போதுதான் எங்கள் பக்கத்தில் அப்படித் திடீரென்று மரியாதை வரும்.

வேலை முடிந்து கார் தரிப்பிடத்தில் இருந்து எடுத்தேன். பத்துக் கம்பியையும் கண்டிருக்கிறார்கள். டெனிஸ் முங்கிக் கம்பியைக் காட்ட, இருபது வருடத்துக்குப் பிறகு நசீமாவும் உடுப்போடு இறங்கி, ஒவ்வொரு கம்பியடியிலும் சட்டத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையால் பார்த்திருக்கிறாள்.

"மண் யூட். பத்திலயும் மண். ஒரு வேர்கூட கையில அகப்படேல்லை."

முதல் கம்பியடியில் எண்பது வீதம் என்று கொப்பியில் என் கையெழுத்து இருக்கிறது. நண்டுக் குஞ்சு பதினான்கு என்றும் இருக்கிறது.

டெனிஸிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். இழுவை வலைக்காரர் வருடக் கணக்காக அரித்துக்கொண்டு போனது ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்றான். அவனுக்கு அந்தப் பக்கம் நண்டு விழாமல் ஐந்தாறு வருடம். இப்போது எண்ணெய் செலவழித்துத் தூரத்துக்குப் போகிறான். சங்கத்து ஆட்களுக்கும் தெரியும். வெளிநாட்டில் இருந்து ஒரு பழைய கொப்பி வருகிறது, அந்தப் பேப்பரைக் காட்டியாவது தோண்டுகிறதை மறிக்கலாம் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நசீமா டீச்சருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு ஏனடா சொல்லேல்லை?"

"நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் எடுக்கிறியள் அண்ணா. பிள்ளையள் என்ன செய்யினம், கோயில்ல என்ன நடக்குது எண்டு கேக்கிறியள். கடல் எப்பிடி இருக்கு எண்டு ஒருநாளும் கேக்கேல்லையே."

அவன் கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காருக்குள் இருந்து அழுதேன்.

7

மறுநாள் நசீமா எடுத்தாள். கந்தோரின் படிவத்தில் பத்து வரி. ஒவ்வொரு வரியிலும் இடத்தின் எண், பழைய பதிவு, தற்போதைய நிலை. எண்களை அவள் கருவியில் எடுத்துவிட்டாள், பழைய பதிவு கொப்பியில் இருக்கிறது. மூன்றாவது நிரல்தான் பிரச்சினை. புல் திரும்ப வளரும், இழுவையை நிறுத்தி விட்டுவைத்தால் வளரும் என்று தனியே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறாள். அதற்குப் படிவத்தில் இடமில்லை மிஸ் என்றார்களாம். இல்லாத புல்லுக்கு யாரும் வேலையை நிறுத்தப்போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். கடல் கலங்கல், நிலைமையைப் பார்க்க முடியவில்லை என்று எழுதலாம். பழைய பதிவு மட்டும் நிற்கும். அதை வைத்துக்கொண்டு குறைந்தது ஒரு வருடம் இழுக்கலாம். வள்ளத்தில் இருந்தது நீங்கள் இரண்டு பேரும்தான், டெனிஸ் வாய் திறக்கமாட்டான்.

"மூண்டாவதை வெறுமையா விடும் நசீமா. எங்கட சனத்துக்காக."

அவளுக்குப் பின்னால் பள்ளிக்கூட மணியும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"கொப்பியில முதல் பக்கத்தை எடுத்துப் பாரும்" என்றாள். பிறகு, "நானும் ராத்திரி அதைத்தான் நினைச்சனான் யூட். வெறுமையா விட்டா வெல்லலாம் எண்டு. ஆனா நாளைக்குப் பிள்ளையளைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய், பார்த்ததை எழுதுங்கோ எண்டு நான் எந்த முகத்தோட சொல்லுறது?" என்றாள்.

முதல் பக்கத்தை நான் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும்.

கடைசி நாள் அவள் போய்ப் படிவத்தைக் கொடுத்தாள். ஆடி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இந்தக் கந்தோர்கள் இவ்வளவு வேகமாக வேலை செய்து நான் கண்டதில்லை. ஆட்சேபகாரர்களே தந்த அளவீட்டின்படி அந்த இடத்தில் கடற்புல் இல்லை என்பதால் ஆட்சேபம் தள்ளுபடி. சிவப்பு மிதவைகளைக் கொண்டுவந்து கட்டிவிட்டார்கள் என்று டெனிஸ் படம் அனுப்பினான். எங்கள் கம்பி வரிசைக்கு நேர் மேலே கட்டியிருக்கிறார்கள். இடத்தைச் சரியாகக் காட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்தானே. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடலைப் பற்றிக் கேட்கிறேன். சொல்ல அவனிடம் அதிகம் இல்லை.

போன கிழமை நசீமா தான் கொடுத்த படிவத்தின் படியை அனுப்பியிருந்தாள். ஆலைக் கந்தோரில் கேட்டு அச்செடுத்தேன். மரியா தெற்குக்குத் திரும்பிவிட்டாள். வென்றீர்களா என்று ஒரு செய்தி போட்டிருந்தாள், இன்னும் பதில் போடவில்லை. அச்செடுத்த தாள் கொப்பிக்குள் இருக்கிறது. அடியில் இரண்டு பெயர். முதலாவது அவளுடையது, ஆசிரியை. இரண்டாவது என்னுடையது. இடத்தைக் கண்டறிந்தவர் என்று போட்டு, பெயருக்குப் பக்கத்தில் கள உயிரியலாளர் என்று எழுதியிருக்கிறாள். மேலே சிவப்பு மையில் அரச முத்திரை விழுந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக எந்தக் கந்தோரிலும் எனக்குக் கிடைக்காத அந்தப் பெயர், முத்திரையோடு, தாளில் இருக்கிறது. அதற்கு மேலே பத்து வரி. பத்திலும் சைபர் போட்டிருக்கிறாள், ஒன்றையும் வெறுமையாக விடவில்லை.